பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு, என் மகனுக்கு?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் பள்ளிக்கு ஒரு டாக்டர் வந்து, வயதுக்கு வருவது பற்றிப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு எடுத்திருக்கிறார். பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "எங்களுக்கு ஏன் இல்லை?" என்று கேட்கிறான். கணவரோ, "எங்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தா? விடு" என்கிறார். விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: விடாதீர்கள். பையன் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறான்.

உங்கள் கணவர் தலைமுறைக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டியும், ராத்திரி டிவியில் வரும் லாட்ஜ் வைத்தியரும்தான் அந்த வாத்தியார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்புத் தளர்ச்சி, ஞாபக மறதி, கல்யாணத்துக்கு லாயக்கில்லை என்று மிரட்டியே லேகியம் விற்றார்கள். இந்தப் பயத்தால் சோர்ந்து வரும் ஆண்களை நம் நாட்டு மனநல மருத்துவர்கள் அவ்வளவு பேரைப் பார்த்ததால்தான், 1960-லேயே மனநல மருத்துவர் டாக்டர் விக் அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' ('தாத்' என்றால் தாது, அதாவது விந்து) என்று பெயர் வைத்தார். பதிமூன்று வயதுப் பையனிடம் யாராவது, "இது எல்லோருக்கும் நடப்பதுதான், உடம்புக்கு ஒன்றும் ஆகாது, துணியை மாற்றிக்கொண்டு தூங்கு" என்று சொல்லியிருந்தால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைகள் மீதான கொடுமைகள் பற்றி மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல், சுமார் 53 சதவீதம், ஆண் பிள்ளைகள். போக்சோ சட்டமும் ஆண், பெண் பார்ப்பதில்லை. அவனைத்தான் நாம் கிரவுண்டுக்கு அனுப்புகிறோம்!

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 2020-ல் தொடங்கிய பள்ளி நலத் திட்டம் இருபாலருக்குமானது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தவரை ஓர் ஆண், ஒரு பெண், பயிற்சி பெற்று வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். வளரிளம் பருவ மாற்றங்கள், எச்ஐவி தடுப்பு, இணையப் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. முதலில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குத்தான் கொண்டுவந்தார்கள். உங்களுடையது தனியார் பள்ளியென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். நாலைந்து அம்மாக்களாகச் சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள். "பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்பார். இத்தகைய கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமே உறவில் இறங்குவதில்லை என்று பல ஆய்வுகளை அலசி யுனெஸ்கோ 2018-ல் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.

மாதவிடாய் பற்றியும் பையன்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். யூனிஃபார்மில் கறைபட்ட பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவன் பெரும்பாலும் விஷயம் தெரியாதவன்தான்.

அதுவரை வீட்டில் நீங்களே ஆரம்பியுங்கள். உட்கார வைத்துப் பிரசங்கம் வேண்டாம், ஓடிப்போவான். வண்டியில் போகும்போது பேசலாம், முகம் பார்க்க வேண்டியதில்லை. அப்புறம், கணவரை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வயதில் அவர் எதற்குப் பயந்தார்? பதில் சொன்னாரென்றால், அதையே மகனிடமும் சொல்லச் சொல்லுங்கள்.