சொந்த ஊரில் லாட்ஜ் எடுத்துத் தங்குகிறவர்களுக்கு: மதுரை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மதுரையில் பிறந்து, பிளஸ் டூ வரை அங்கேதான் படித்தேன். 1996-இல் ஊரை விட்டோம். சிம்மக்கல் வீட்டையும் விற்றாகிவிட்டது. இப்போது கணவர், இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாள் பயணமாக வருகிறேன். உறவினர் யாரும் ஊரில் இல்லை. எங்கே தங்குவது? எதிலிருந்து தொடங்குவது?
- வாசகி, புனே

பதில்: கோயிலைச் சுற்றியுள்ள வெளி வீதிகளுக்கு உள்ளேயே தங்குங்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் அறைகள் புதிதாக, விசாலமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை கோயில் பக்கம் வரவும் கோரிப்பாளையம் நெரிசலைக் கடக்க வேண்டும், பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி இரண்டும் வசதி. ரயில் நிலையத்திலிருந்தும் மேலக்கோபுரத்திலிருந்தும் நடக்கும் தூரம்தான். சொந்தக் காரில் வருவதானால் அறை பதியும்போதே நிறுத்த இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பல விடுதிகளில் கிடையாது.

முதல் நாள் ஆட்டோவே வேண்டாம். காலை 6 மணிக்குக் கிளம்பி நடங்கள். கடைகள் 9 மணிக்கு மேல்தான் திறக்கும். அதுவரை வீதியின் அகலம், பழைய வீடுகளின் மாடி, மரத்தூண், திண்ணை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஊரில் இருந்த காலத்தில் நாம் கடைப் பலகைகளைத்தான் பார்த்திருப்போம்.

பிள்ளைகளுக்கு ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுங்கள். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றைச் சுற்றி ஒன்று. கடைசியில் வெளி வீதி. அதையொட்டித்தான் கோட்டை இருந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும். தெற்குமாசி வீதியும் கீழமாசி வீதியும் சேரும் முக்கில் நிற்கும் விளக்குத்தூண் பிளாக்பர்னுக்காக வைத்தது. நாம் அதை ஜிகர்தண்டா குடிக்கப் போகும் இடத்துக்கு அடையாளமாக மட்டுமே வைத்திருந்தோம்.

நடையை மேலமாசி வீதியில் தொடங்குங்கள். அங்கே 251-ஏ எண்ணுள்ள வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறினார். அடுத்து தெற்குமாசி வீதி வழியாக விளக்குத்தூண், அங்கிருந்து பத்துத்தூண் சந்து. ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் பெரிய தூண்கள் நாயக்கர் அரண்மனையின் மிச்சம். அதைப் பார்த்த கையோடு 9 மணிக்குத் திறக்கும் திருமலை நாயக்கர் மஹாலுக்குள் போனால்தான், 1636-இல் எழுந்த அரண்மனையில் இன்று நிற்பது கால்வாசியே என்பது பிள்ளைகளுக்கு உறைக்கும். பள்ளிச் சுற்றுலாவில் மஹாலை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த அளவு பிடிபடுவதே இல்லை. 10 மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். வெயிலை எதிர்த்து மதுரையில் ஊர் சுற்ற முடியாது.

கேள்வி: மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சின்ன வயதில் வாரம் தவறாமல் போவோம். இப்போது போனால் என்ன மாறியிருக்கும்?
- வாசகர், பெங்களூரு

பதில்: கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. போன், காலணி இரண்டையும் எந்தக் கோபுரத்தில் கொடுக்கிறீர்களோ அங்கேதான் திரும்ப வாங்க வேண்டும். கிழக்கே கொடுத்துவிட்டு, பழைய பழக்கத்தில் மேற்கே வெளியே வருகிறவர்கள் பலர். பிறகு சித்திரை வீதியை வெறுங்காலில் பாதி சுற்ற வேண்டும். பகல் 12 மணிக்குக் கருங்கல் தளம் கொதிக்கும். ஆகவே குடும்பத்தோடு பிரிந்து போனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளப் படிக்கட்டு நல்ல இடம். உள்ளே போன் இல்லாததால் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

நடை பகல் 12.30 மணியளவில் சாத்தி, மாலை 4 மணிக்குத் திறக்கும். மார்கழியில் நேரம் மாறும். வீரவசந்தராயர் மண்டபத்தில் வளையலும் பொம்மையும் வாங்கிய நினைவோடு போகாதீர்கள். 2018 பிப்ரவரி 2 இரவு அங்கே தீப்பிடித்தது. அதன்பின் கோயிலுக்குள் இருந்த கடைகள் எடுக்கப்பட்டன. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தையற்கடை, பாத்திரக்கடை, புத்தகக்கடை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. பழைய நெருக்கம் அங்கே இல்லை என்பது வருத்தம்தான். ஆனால் புதுமண்டபத்தில் இத்தனை காலம் துணிக்கட்டு மறைத்திருந்தவை சிற்பத் தூண்கள்.

தரிசனத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்தைத் தனியே ஒதுக்குங்கள். கம்பத்தடி மண்டபத்தில் மீனாட்சி திருக்கல்யாணத் தூணைச் சுற்றி வந்து பாருங்கள். தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாளின் முகத்தையும், நாணத்தில் தலை தாழ்ந்த அம்மனையும் அருகில் நின்றுதான் பார்க்க வேண்டும். வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி ஆடுகிறார்: மற்ற ஊர்களில் தூக்கியது இடக்கால், இங்கே வலக்கால். ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளவை 985 தூண்கள். வடக்காடி வீதியில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இசைத் தூண்கள். தட்டிப் பார்க்காதீர்கள், தட்டித் தட்டித்தான் அவை தேய்ந்தன.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் இரவு போங்கள். பள்ளியறை பூசைக்குச் சுவாமியின் பாதம் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு வரும். 8.30 மணிக்கே உள்ளே இருந்தால் இடம் கிடைக்கும்.

கேள்வி: எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்குவது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
- வாசகர், ஓசூர்

பதில்: சென்னை, திருச்சி, தஞ்சை, நெல்லை, ராமேஸ்வரம் வண்டிகள் மாட்டுத்தாவணிக்கு வரும். கோவை, சேலம், திண்டுக்கல், தேனி, கொடைக்கானல் வண்டிகளுக்கு ஆரப்பாளையம். பெரியார் நிலையம் டவுன் பஸ்ஸுக்கு. அதை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், பழைய நடைமேடைக் கணக்கு உதவாது. காய்கறி சென்ட்ரல் மார்க்கெட்டும் இப்போது மாட்டுத்தாவணியில்தான். ஆட்டோக்காரரிடம் ‘மார்க்கெட்’ என்று மட்டும் சொன்னால் அங்கே கொண்டுபோய் விடுவார்.

கேள்வி: அம்மாவுக்கு நிஜமான சுங்குடிச் சேலை வாங்க வேண்டும். அச்சடித்ததைத் தந்து ஏமாற்றாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?
- வாசகி, ஹைதராபாத்

பதில்: கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சேலையில் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது. ஒவ்வொரு புள்ளியிலும் துணி லேசாகக் குவிந்து நிற்கும்; இரு கையால் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும். முன்புறமும் பின்புறமும் நிறம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சில் வார்த்த மாதிரி வட்டமாக இருந்தால் அது பிரிண்ட். அதிலும் நல்ல பருத்தி உண்டு, ஆனால் முடிச்சுச் சேலையின் விலை கொடுக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று சலவைக்குத் தனியாக, குளிர்ந்த நீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயம் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

கேள்வி: விற்றுவிட்ட எங்கள் பழைய வீட்டையும், படித்த பள்ளியையும் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?
- வாசகர், மும்பை

பதில்: முதலில் வீடு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கதவு எண்கள் மாறியிருக்கும், பக்கத்து வீடுகள் அடுக்குமாடி ஆகியிருக்கும். வீட்டில் பழைய கிரயப் பத்திரத்தின் நகல் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியிருக்கும் நான்கெல்லை விவரம் கதவு எண்ணைவிட உறுதியானது. தெருவில் விசாரிக்க ஏற்றவர் துணி தேய்க்கிறவர், இல்லையென்றால் பழைய மளிகைக் கடைக்காரர்.

காலை 10.30 மணிக்கு மேல், சமையல் வேலை ஓய்ந்தபின் போங்கள். இரண்டு பேர் மட்டும் வாசலில் நின்று, “முந்தி இந்த வீட்டில் குடியிருந்தோம், வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறோம்” என்று சொன்னாலே போதும். பெரும்பாலும் அவர்களே உள்ளே கூப்பிடுவார்கள். சொத்து விஷயமாக வந்திருக்கிறார்களோ என்ற அச்சம்தான் கதவைச் சாத்த வைக்கும். அதனால் பத்திர நகலை அங்கே வெளியே எடுக்காதீர்கள், விலை பேச்சும் வேண்டாம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கால் கிலோ அல்வாவும் ஒரு முழம் மல்லிகையும் கொண்டு போங்கள்.

பள்ளிக்கு வேலை நாளில், தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போங்கள். படித்த ஆண்டையும் பிரிவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடிக் காட்டும் பள்ளிகளும் உண்டு. தேர்வு மாதங்களான மார்ச், ஏப்ரலைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.