ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நான் குடியை விட்டு 14 வருடம் ஆகிறது. இன்னமும் வாரம் இரண்டு நாள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்துக்குப் போகிறேன். குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு அது. பொதுவில் பெயர் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம் இல்லை, அதனால் இங்கேயும் போடவில்லை. உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

அண்ணா, எங்கள் ஊரில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று யாரிடம் கேட்பது? போர்டு எதுவும் கண்ணில் படவில்லை.

பெரிய போர்டு இருக்காது தம்பி. சர்ச் வளாகத்தில் ஓர் அறை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு வகுப்பறை, ஆஸ்பத்திரியில் ஒரு மூலை, இப்படித்தான் நடக்கும். சர்ச்சில் நடந்தாலும் அது மதக் கூட்டம் இல்லை, இடம் மட்டும்தான் அவர்களுடையது. ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் தேடுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரியுங்கள். 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணிலும் கேட்கலாம்.

கிளம்பும் முன் அந்தக் குழுவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். நான் முதல்முறை போனபோது கூட்ட நாளை மாற்றியிருந்தார்கள். எனக்குத் தெரியாது. பூட்டிய கதவைப் பார்த்ததும் உள்ளுக்குள் சந்தோஷம்தான் வந்தது. நேராகக் கடைக்குப் போனேன். அடுத்த தடவை அந்த வாசலுக்கு வர 5 மாதம் ஆனது. அந்த 5 மாதத்தில்தான் வேலையும் போனது.

அரசு வேலையில் இருக்கிறேன் சார். பெயர் வெளியே போய்விடுமோ?

வருகைப் பதிவேடு கிடையாது, அடையாள அட்டை கேட்க மாட்டார்கள், கட்டணமும் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தால் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் வரவே மாட்டேன் என்கிறார். அவருக்குப் பதிலாக நான் போகலாமா? பக்கத்து வீட்டில் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

அம்மா, முதலில் மாத்திரை விஷயம். தயவுசெய்து செய்யாதீர்கள். அது பெரும்பாலும் டைசல்ஃபிராமாக இருக்கும். தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் மேலே குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். மருத்துவர் பார்த்து, அவருக்கும் தெரிந்து, அவரே சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. 'குளோஸ்டு' கூட்டம் குடியை விட நினைக்கிறவர்களுக்கு மட்டும். 'ஓப்பன்' கூட்டத்தில் நீங்களும் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் அவருக்குப் பதிலாக நீங்கள் குணமாக முடியாது. உங்களுக்கென்றே, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் குழு இருக்கிறது. ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் என்பவரின் மனைவி லோயிஸ் 1951இல் ஆரம்பித்தது. உங்கள் வீட்டுக்காரர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். என் மனைவி எனக்கு முன்னாலேயே போக ஆரம்பித்துவிட்டாள். என் பாட்டிலைத் தேடி ஒளித்து வைப்பதை அவள் நிறுத்திய வாரம், எனக்குப் பயம் வந்துவிட்டது.

தினமும் ஒரு ஃபுல் போகிறது. நாளைக்கே நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறேன்.

வாருங்கள், ஆனால் அதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் குடிக்கும் அளவுக்குத் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிந்து மனம் குழம்பலாம். இது உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் மருந்து கொடுத்து, தயாமின் என்ற வைட்டமின் ஏற்றி, பாதுகாப்பாகக் குடியை நிறுத்த வைப்பார்கள். கூட்டம் அதற்கு மாற்று இல்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று மாலையே கூட்டத்துக்கு வந்துவிடுங்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழியான 12 படிகளில் கடவுள் வருகிறதே?

வருகிறது. 'நாம் உணர்ந்துகொண்ட விதத்தில்' என்ற சொற்களும் கூடவே வருகின்றன. எங்கள் குழுவில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அவருக்கு அந்த அறையில் இருக்கும் ஆட்கள்தான் தன்னைவிடப் பெரிய சக்தி. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குச் சந்தையில் நொடித்துப்போன பில்லும், பாப் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில்தான் இது தொடங்கியது. ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசினால் அன்றைய பொழுது குடிக்காமல் கழிகிறது என்று கண்டுகொண்டார்கள்.

நான் பெண். குடிக்கிறேன். ஆண்கள் நிறைந்த அறைக்குள் எப்படிப் போவது?

உங்கள் தயக்கம் நியாயமானது. நம் ஊர்க் கூட்டங்களில் பெண்கள் குறைவு, பல குழுக்களில் ஒருவர்கூட இல்லை. முதலில் பெண்களுக்கு மட்டுமான ஆன்லைன் கூட்டத்தில் சேருங்கள் தங்கச்சி. வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். அங்கே ஒரு பெண்ணையே ஸ்பான்சராகக் கேளுங்கள். ஸ்பான்சர் என்றால் நமக்கு முன்னால் குடியை விட்டு, கூடவே நடக்கிற ஆள். நேரில் போவதைப் பிறகு பார்க்கலாம்.

4 மாதம் குடிக்காமல் இருந்தேன் அண்ணா. தீபாவளிக்குக் குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு திரும்பப் போவது?

இதே முகத்தோடு வா தம்பி. நானும் இரண்டு முறை அப்படித் திரும்பி வந்தவன். யாரும் திட்டவில்லை. டீ டம்ளரை நீட்டி, "உட்காருங்க" என்றார்கள், அவ்வளவுதான். இன்று சாயங்காலமே போ. போவதற்கு முன் உன் ஸ்பான்சருக்குப் போன் பண்ணு. அவர் எடுக்காவிட்டால் குழுவில் வேறு யாருக்காவது பண்ணு.