தயிர்க் கொப்பி

கடிதம்:

வணக்கம். உங்கள் கடைசிக் கதையில் திருகோணமலைப் பக்கத்துச் சம்பூர்த் தமிழ்ப் பெண்ணும் மூதூர் முஸ்லிம் பெண்ணும் 2006 சண்டைக்குப் பிறகும் ஒட்டுறவாக இருக்கிறார்கள். அந்தச் சண்டை இரண்டு சனத்தையும் பிரித்துத்தான் போட்டது. உங்கள் ஆசையைக் கதையாக்கிவிட்டீர்களோ?
வாசகி, உப்புவெளி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிரித்தது உண்மைதான். 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூருக்குள் புலிகளுக்கும் படையினருக்கும் சண்டை வந்ததும் முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு ஓடியது. அந்த மாதம் முடிவதற்குள் சம்பூர்ச் சனம் ஷெல்லடிக்குள் வாகரைப் பக்கம் ஓடியது. செப்டெம்பரில் படையினர் சம்பூரைப் பிடித்தார்கள். மூதூராட்கள் சில கிழமைகளில் வீடு திரும்பினார்கள். சம்பூராட்களின் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2015, 2016இல்தான் விட்டார்கள். அதுவரை பலருக்குக் கிளிவெட்டி முகாம் கொட்டில்தான் வீடு. இருவரும் ஓடினார்கள் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் அந்தப் பெண்கள் என் ஆசையில் பிறந்தவர்கள் இல்லை. மூதூர் ராத்தா, அதாவது அந்த முஸ்லிம் அக்கா, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைக் காட்டினார். ஓரமெல்லாம் கரையான் தின்றது. "சம்பூர் தயிர், 14 சட்டி" என்று பென்சிலில் எழுதியிருந்தது. சண்டைக்கு முன் வாங்கி, காசு கொடுக்காத கணக்கு. தயிர் கொடுத்த சம்பூர்ப் பெண் முகாமுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் ராத்தா பஸ் ஏறிப் போய்க் கொடுத்திருக்கிறார். அவள் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியபோது சம்பூராளிடம் ஒரு மாடும் இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. ராத்தா தயிருக்கு முற்பணம் கொடுத்தார், பசு வாங்கினாள். இப்போது கொப்பியில் கடன்காரி அவள். காணாமல்போன புருஷனுக்காகப் பிரதேச செயலகத்துக்கு அலைந்த நாட்களில் வரிசையில் கூட நின்றதும் ராத்தாதான்.

அப்புறம், கதையில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ராத்தாவின் தம்பி அந்த ஓகஸ்டில் ஓடும் வழியில் செத்துப்போனவர். ஒருநாள் ஏதோ பேச்சில் ராத்தாவின் வாயில் "உங்கட ஆக்கள்" என்று வந்துவிட்டது. மூன்று கிழமை தயிர் வரவில்லை. நாலாம் கிழமை மகனிடம் இரண்டு சட்டி கொடுத்துவிட்டாள். ராத்தா ஒன்றும் சொல்லாமல் வாங்கி, கொப்பியில் குறித்துக்கொண்டார்.

இருவரையும் நல்லவர்களாகவே காட்ட ஆசைப்பட்டு அந்த மூன்று கிழமையை விட்டுவிட்டேன். நீங்கள் நம்பாமல் போனது அதனால்தான். புத்தகமாக வரும்போது சேர்த்து எழுதுவேன்.