பாக்கெட்டை விட்ட பிறகும் மளிகைச் செலவு ஏன் இரட்டிப்பாகிறது?

கேள்வி: பிஸ்கட், நூடுல்ஸ், பாலில் கலக்கும் பானப்பொடி எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் உள்ள ஊட்டச்சத்து ஆலோசகர் சொன்னபடி சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய குக்கீஸ், மரச்செக்குக் கடலை எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, இந்துப்பு ஆகியவற்றை அவரிடமே வாங்குகிறோம். மளிகைச் செலவு இரட்டிப்பாகிவிட்டது. கணவருக்குச் சர்க்கரை நோய் தொடக்க நிலையில் இருக்கிறது. மகனுக்கு எட்டு வயது. இவற்றைத் தொடர வேண்டுமா? – வாசகி, திருச்செங்கோடு

பதில்: தொடர வேண்டியதில்லை. இந்த ஐந்தில் எண்ணெயை மட்டும், அதுவும் கீழே சொல்லும் கணக்கைப் பார்த்த பிறகு, வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் இரண்டு, நீங்கள் விட்டுவிட்டதாக நினைக்கும் அதே பண்டங்கள். ஒன்று வேறு நிறத்தில் வரும் சர்க்கரை. இன்னொன்று உங்கள் மகனுக்கு மிகவும் தேவையான ஒரு சத்து இல்லாத உப்பு.

சிறுதானிய நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. கோதுமை மாவோ மைதாவோ முதலில் நின்று, தினையும் கம்பும் அதன் பின்னால் வந்தால், நீங்கள் காசு கொடுத்தது கம்பின் பெயருக்கு மட்டுமே. முன்பக்கத்தில் கம்பங்கதிரைப் படமாகப் போட்டால் உள்ளே கம்பு எத்தனை சதவீதம் என்றும் அச்சிட்டாக வேண்டும். அந்த எண்ணைத் தேடுங்கள். குக்கீஸில் பாமாயில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதா என்று பாருங்கள். இனிப்பு அதிகம் தெரியாத அந்த மாவுப்பொருள் சர்க்கரைக்குச் சளைக்காமல் இரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

இப்படிப் பூதக்கண்ணாடி பிடிக்கும் வேலையை வாங்குபவர் தலையில் கட்டியிருப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. சிலி நாடு 2016-லேயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் முகத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிவிட்டது. இங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் பொட்டலத்தின் முகப்புக் குறியீட்டுக்கு ஒரு வரைவு விதியை வெளியிட்டது. அதிலும் எச்சரிக்கை இல்லை, ஓட்டல்களுக்குக் கொடுப்பதைப் போல நட்சத்திரங்கள்தாம்! ‘ஹெல்த் டிரிங்க்’ என்பதற்கு உணவுச் சட்டத்தில் வரையறையே கிடையாது என்பதை இணைய விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில்தான் நினைவூட்டினார்கள்; அதற்குள் ஒரு தலைமுறை அதைக் குடித்தே வளர்ந்துவிட்டது.

ஆலோசனை சொல்பவரே சரக்கையும் விற்றால், அந்த ஆலோசனையில் பாதியை விற்பனைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உணவியலில் என்ன படித்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். உரிம எண்ணைக் காட்டி ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்பார். அந்தப் பதினான்கு இலக்க எண் அவர் உணவு வணிகம் செய்யப் பதிந்திருக்கிறார் என்பதற்கு மட்டுமே சான்று, சரக்கின் தரத்துக்கு அன்று.

எண்ணெய்க்கு வருவோம். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கே 300 ரூபாய் ஆகிவிடும். பிண்ணாக்கு விற்ற காசு ஆட்டுக்கூலியின் பெரும்பகுதியை ஈடுகட்டும். அந்த நிலையில் ஒருவர் 220 ரூபாய்க்கு ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ கொடுத்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. 500 ரூபாய் கேட்டால் இடையில் யாரோ நன்றாகச் சாப்பிடுகிறார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் கடலைக்கும் பஞ்சமில்லை, செக்குக்கும் பஞ்சமில்லை. பருப்பை நீங்களே வாங்கிக்கொண்டு போய், கூட நின்று ஆட்டி வாருங்கள். எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம்.

நாட்டுச் சர்க்கரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கணவரின் உடலுக்கு அதுவும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றே; போதாக்குறைக்கு, வெல்லப்பாகில் வெள்ளைச் சர்க்கரையையே கொட்டிக் காய்ச்சும் ஆலைகளும் உண்டு.

உப்பு விஷயத்தில்தான் நீங்கள் கட்டாயம் பின்வாங்க வேண்டும். ‘பதப்படுத்தியது எல்லாமே கெடுதல்’ என்ற பேச்சுக்கு அயோடின் கலந்த உப்பு ஒரு முக்கியமான விதிவிலக்கு. அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும்; அதைவிட மோசமாக, கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும், வளரும் பிள்ளைகளின் படிப்புத் திறனும் பாதிக்கப்படும். அதனால்தான் கடையில் விற்கும் சமையல் உப்பில் பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்துப்பு எனப்படுவதும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். அதன் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணமான தாதுக்கள், நாம் சாப்பிடும் அளவில், கணக்கில் சேராது. அயோடின் சேர்த்த இந்துப்பும் கிடைக்கிறது. பாக்கெட்டில் அப்படி அச்சிட்டிருந்தால் அதில் தவறில்லை, விலைதான் தவறு. கல்லுப்பு வேண்டுமென்றாலும் அயோடின் சேர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். மூடியுள்ள டப்பாவில் வைத்து, கொதி அடங்கும் நேரத்தில் போடுங்கள். ஊறுகாய், அப்பளம் உட்பட ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், போதும்.

இனி என்ன வாங்குவது? கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றுக்கும் நீக்க வேண்டிய உமி கிடையாது. முழுத் தானியமாக வாங்கி மில்லில் அரைத்தால் தவிடும் சேர்ந்தே வரும். சாமை, தினை, வரகு, குதிரைவாலிக்கு உமி நீக்க வேண்டும். அந்தச் சாக்கில் தவிட்டையும் தீட்டிவிடுகிறார்கள், ஆகவே பளிச்சென்ற வெள்ளைச் சாமையை வாங்காதீர்கள். காய்கறியை உழவர் சந்தையில் வாங்குங்கள். மகனுக்கு மாலையில் அவித்த கடலையோ எள்ளுருண்டையோ போதும். பால் வெறும் பாலாகவே இருக்கட்டும்.

கணவருக்கு ஒரு எச்சரிக்கை. சிறுதானியமும் மாவுச்சத்துதான், கேழ்வரகுக் களி இரண்டு உருண்டை உள்ளே போனால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உணவை மாற்றியாயிற்று, மாத்திரையை நிறுத்தலாம் என்று அந்த ஆலோசகர் சொன்னால் கேட்க வேண்டாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து, முடிவை மருத்துவரிடம் காட்டிய பிறகு, மாத்திரையின் அளவைப் பற்றி அவரிடம் மட்டும் பேசுங்கள்.