இடுப்பில் ஒரு ரிவால்வர்: செட்டிநாட்டிலிருந்து சில கேள்விகள்

ஆயுதப்படையில் 31 ஆண்டுகள் துப்பாக்கி பழுது பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் குடியிருக்கிறேன். உரிமம் கையில் வந்தவர்களும், வந்துவிடும் என்று நம்புகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளச் சின்னதாக எது நல்லது?" அண்மையில் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன். யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

காரைக்குடியில் நகைக்கடை வைத்திருக்கிறேன். ஒரு கைத்துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்துவிட்டது. இரவில் கடை அடைத்து வீடு திரும்பும்போது இடுப்பில் வைத்துக்கொள்ள, நம் நாட்டு ரிவால்வர்களான நிர்பீக், பிரபல், பழைய மார்க் 3 ஆகிய மூன்றில் எது?

மூன்றுமே .32 (தோட்டாவின் பருமன், அங்குலக் கணக்கில்) என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தற்செயல் இல்லை. .380, .455 ரிவால்வர் தோட்டாக்களையும் ராணுவத்தின் 9 மி.மீ. தோட்டாவையும் ஏற்கும் கைத்துப்பாக்கிகள் நம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட வகை. எனவே நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32தான். இந்தத் தோட்டா 1896இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கொண்டுவந்தது. நூற்றாண்டு தாண்டிய கிழவன், சுடும்போது கையில் படும் உதைப்பு மென்மையானது. "இதில் பலம் போதாது" என்று கடைவாசலில் பேசுகிறவர்கள் உண்டு. நெஞ்சில் படும் .32, காற்றில் போகும் .45ஐ விட மேல் என்று அவர்களிடம் சொல்லி அலுத்துவிட்டேன்.

இப்போது மூன்றையும் பார்ப்போம். நிர்பீக் 2014இல் வந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோ, அன்றைய விலை 1,22,360 ரூபாய். மார்க் 3 எஃகு உடம்பு, எடை ஏறக்குறைய 700 கிராம், வெப்ளி என்ற பழைய ஆங்கிலேய ரிவால்வரின் வழி வந்தது. இரண்டும் நடுவில் ஒடித்துத் தோட்டா போடும் வகை. பிரபல் 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து வந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். குழல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ., அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. எடை இதுவும் 700 கிராம் அளவுதான். ஐம்பது மீட்டர் சுடும் என்று விளம்பரம் செய்தார்கள். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் ஆளை நீங்கள் சுட்டால் அதைத் தற்காப்பு என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது 700 கிராம் உள்ளவற்றில் ஒன்று. எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறாக, சின்னத் துப்பாக்கிதான் சுடக் கடினமானது. எடை குறையக் குறைய உதைப்பைக் கை வாங்குகிறது. குழல் குறைந்தால், குறிபார்க்க முன்னால் உள்ள குறிமுனைக்கும் பின்னால் உள்ள காடிக்கும் இடையே தூரம் சுருங்கி, கையின் சிறு நடுக்கம்கூடப் பெரிய பிழையாகிவிடும். பிடி குட்டையானால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். அரைக் கிலோ ரிவால்வர் பழகிய கைக்குச் சுகம், புதுக் கைக்குப் பகை. நாள் முழுக்க இடுப்பில் தாங்கக்கூடியவற்றில் எது கனமானதோ அதை வாங்குங்கள். மார்க் 3ஐ விட பிரபலைச் சற்று மேலே வைப்பேன்; ஒடிக்கும் வகையில் கீலும் கொக்கியும் நாளடைவில் தளரும், பக்கவாட்டில் திறப்பதில் உடம்பு ஒரே கட்டாக இருக்கும். ஆனால் ஒடிக்கும் வகையில் ஓர் அழகு உண்டு: ஒடித்த மாத்திரத்தில் சுட்டு முடித்த ஆறு வெற்றுத் தோட்டாக் குப்பிகளும் ஒன்றாக எழும்பி வெளியே விழும்.

கடையில் கேட்டுப் பாருங்கள், ஒரு சோதனை செய்ய விடுவார்கள். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று நீங்களும் பார்க்க வேண்டும், கடைக்காரரும் பார்க்க வேண்டும். ஆளில்லாத சுவர்ப் பக்கம் நீட்டி, குறிமுனைக்கு அருகே குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சுத்தியலைக் கையால் தூக்காமல் விசையை மட்டும் இழுங்கள். நாணயம் விழாமல் பத்து முறை இழுக்க முடிகிற ரிவால்வர்தான் உங்களுடையது. விலை, பெயர், பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

நான் வேட்டிதான் கட்டுவேன். ரிவால்வரை எங்கே வைப்பது? பச்சை பெல்ட்டில் வைக்கலாமா? (தேவகோட்டை)

நீங்கள் கேட்டதைப் படித்துச் சிரித்தேன். பிறகு யோசித்தால் மற்ற எல்லாவற்றையும் விட நம் ஊருக்கு இதுதான் முக்கியமான கேள்வி. அமெரிக்கக்காரன் எழுதிய எந்தப் புத்தகத்திலும் வேட்டிக்குப் பதில் கிடையாது.

பச்சை பெல்ட் வேண்டவே வேண்டாம். மாட்டு வியாபாரி நோட்டு வைக்கிற பை அது. அதில் துப்பாக்கியோடு சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும். ஒருநாள் சாவி விசைக்குள் நுழையும். வேட்டி மடிப்பில் செருகுவதும் அப்படித்தான். 700 கிராமை ஒரு முடிச்சு தாங்காது. எழுந்து நிற்கும்போது வேட்டி அவிழ்ந்தால் மானம்தான் போகும், துப்பாக்கி விழுந்தால் என்ன போகும் என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இது: வேட்டியின் மேல் ஒன்றரை அங்குல அகலத்தில் கெட்டியான தோல் பெல்ட். அதில் விசையை முழுக்க மூடுகிற, அந்த ரிவால்வருக்கென்றே தைத்த உறை. இடம் வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால். மேலே தளர்வான ஜிப்பா அல்லது முழங்கை வரை கையுள்ள நீளச் சட்டை. வெள்ளை மல் துணியில் கறுப்புப் பிடி நிழலாடும், கதர் நல்லது. வீட்டில் கண்ணாடி முன் நின்று குனிந்து பாருங்கள், திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள், ஸ்கூட்டரில் ஏறிப் பாருங்கள். இவ்வளவும் காலி ரிவால்வரோடு. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளே சொல்கின்றன. ஆகவே மறைத்து வைப்பது உங்கள் விருப்பம் இல்லை, கட்டளை.

வியர்வையை மறக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊர் இடுப்பு வியர்வை ஒரே வாரத்தில் எஃகில் துருப்பொட்டு வைத்துவிடும். தினமும் இரவு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. வாரம் ஒருமுறை சிலிண்டர் அறைகளுக்குள் படிந்த செம்மண் தூசியைத் துடைத்தெடுங்கள். உறைக்குள்ளேயே விட்டுத் தூங்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நகரத்தார் கோயிலிலோ வீட்டுச் சடங்கிலோ சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டவேண்டி வரும். அந்த நாளில் ரிவால்வர் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே இருக்கட்டும். கார் டேஷ்போர்டில் பூட்டிவிட்டுப் போனேன் என்று என்னிடம் சொன்னவர் ஒருவர் உண்டு. அவருடைய காரும் போயிற்று.

கானாடுகாத்தானில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன். வயது 67. மகன் சிங்கப்பூரில். கைப்பையில் நிர்பீக் வைத்துக்கொண்டால் தைரியமாக இருக்குமே என்கிறான்.

ஆச்சி, தைரியம் உங்கள் மகனுக்குத்தான் வரும், அங்கே இருந்துகொண்டு. நிர்பீக் பெண்களை மனத்தில் வைத்துச் செய்தது என்பது உண்மை. பைக்குள் தூக்க எளிது என்பதும் உண்மை. ஆனால் அதன் விசையை இழுக்க ஆள்காட்டி விரலில் பலம் வேண்டும்; மூட்டுவலி இருந்தால் இரண்டாவது இழுப்பே முடியாது. பையில் வைத்த துப்பாக்கி, பையைப் பறித்தவனுடைய துப்பாக்கி.

உங்கள் வீட்டை எனக்குத் தெரியாது, அந்தத் தெருக்களைத் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்கட்டில் சத்தம் கேட்டு, துப்பாக்கியோடு இருட்டில் வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டை, கடந்து போவதை நினைத்துப் பாருங்கள். எதிரே வருவது திருடனா, விடியற்காலையில் பால் கொண்டுவரும் பையனா என்று அந்த வெளிச்சத்தில் யாருக்குத் தெரியும்? நான் சொல்வது வேறு. இரவில் நீங்கள் படுக்கும் அறைக்கு மட்டும் உள்தாழ்ப்பாள் இரண்டு, கதவுக்கு இரும்புப் பட்டை, படுக்கை அருகே செல்பேசி, முற்றத்திலும் பின்கட்டிலும் எரியும்படி அறைக்குள்ளேயே ஒரு சுவிட்ச், அவசரத்துக்கு அழைக்க 112 என்ற எண். இரண்டாம் கட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைக்க முடிந்தால் எல்லாவற்றையும் விட அது மேல்.

ஐயா (தாத்தா) காலத்துப் படைப்புப் பெட்டியில், முன்னோர் படையலுக்கான பொருள்கள் வைக்கும் பெட்டியில், பழைய துணிகளுக்கு அடியில் ஒரு ரிவால்வர் கிடைத்தது. ரங்கூனிலிருந்து கொண்டுவந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். குழலில் வெப்ளி என்றும் .455 என்றும் பொறித்திருக்கிறது. சுத்தம் செய்து என் பெயரில் உரிமம் வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா? (பள்ளத்தூர்)

முதலில், அதைத் தொடாதீர்கள். தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக்கூட ஒடிக்க வேண்டாம். எண்பது ஆண்டுத் தோட்டாவும் வெடிக்கும்.

உங்கள் ஐயா அதை எப்படிப் பெற்றார் என்று ஊகிக்க முடிகிறது. ரங்கூன் வட்டிக்கடைகளில் பெட்டியடியில் பணத்தோடு உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காவல் தேவைப்பட்டது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பியவர்கள் பலர். அந்த வழியில் எது எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்களோ, அதில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். குடும்ப நினைவுப் பொருள் என்ற உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது.

ஆனால் முதல் பதிலில் சொன்ன தடைப் பட்டியலில் .455 பெயர் சொல்லியே இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தரும் சாதாரண உரிமம் இதற்கு ஆகாது. உரிமமில்லாமல் தடை செய்த ஆயுதம் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை 7 ஆண்டிலிருந்து 14 ஆண்டு வரை. "எனக்குத் தெரியாது, பெட்டியில் கிடந்தது" என்பதை இன்றைக்குச் சொன்னால் நம்புவார்கள். இரண்டு வருடம் பாலீஷ் போட்டு வைத்துவிட்டுச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு வழக்கறிஞரோடு காவல் நிலையம் சென்று எழுத்தில் தெரிவியுங்கள். துப்பாக்கியை அவர்கள் வந்து எடுக்கட்டும், ரசீது வாங்குங்கள். மஞ்சள் பையில் சுற்றி பஸ்ஸில் என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஒருவர் அப்படி வந்திருக்கிறார். அந்த மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று: அப்பச்சியிடம் (அப்பாவிடம்) முறையான உரிமத்தோடு .32 இருந்தால் கதை வேறு. அவருக்கு 70 வயது ஆனதும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்ததும், எது முந்துகிறதோ அப்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். இறந்த பிறகு அலையவேண்டியதில்லை. ஒருவர் பெயரில் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மகன் டெக்சாஸில் இருக்கிறான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஐந்து தோட்டா ரிவால்வர் ஒன்று வாங்கி வரச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். விமான நிலையத்திலேயே பிடிபடுவான். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி இறக்குமதி நம்மைப் போன்ற தனி ஆட்களுக்குத் திறந்த வழி இல்லை. இங்கே ஏற்கெனவே உள்ள பழைய வெளிநாட்டு .32கள் உரிமம் உள்ளவர்களிடையே கைமாறும், விலை கண்ணைக் கட்டும். அப்படி ஒன்றைப் பார்த்தால் பெயரைப் பார்த்து மயங்காமல் இதைச் செய்யுங்கள்: காலி என்று உறுதி செய்துவிட்டு, விசையைக் கடைசி வரை இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரை ஆட்டுங்கள். எந்த அறையிலும் அசையக் கூடாது. ஓர் அறையில் லேசாகச் சுழன்றால், அந்த அறை குழலோடு நேராகப் பொருந்தாது. ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். பழைய மாதிரிகளில் சுத்தியல் தானாக விழாமல் தடுக்கும் அமைப்பு இல்லாமலும் இருக்கலாம். அவற்றைச் சுமக்கும்போது சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவதுதான் பழைய வழக்கம்.

நிடார் என்ற .22 ரிவால்வர் 250 கிராம்தானே, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாமே?

.22 தோட்டா தற்காப்புக்கு என் கணக்கில் சிறியது. விளிம்பில் அடிபடும் தோட்டாவாதலால் வெடிக்காமல் போவதும் அதில் கூடுதல். சட்டைப் பை பேனாவுக்கு.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு எடுத்துப் போகலாமா? தங்கை கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி?

மஞ்சுவிரட்டுக் கூட்டத்தில் உங்கள் இடுப்பில் எத்தனை கை படும் என்று யோசியுங்கள். போகாதீர்கள், அல்லது துப்பாக்கி இல்லாமல் போங்கள். கல்யாண வெடிக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன ஈயம் எங்கேயாவது இறங்கத்தான் செய்யும். தங்கைக்கு நாகசுரம் வையுங்கள்.

தேர்தலுக்குத் தேர்தல் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். திரும்ப வரும்போது துருப்பிடித்து வருகிறது.

எனக்கும் வந்த புகார்தான். கொடுக்கும் முன் குழலுக்குள்ளும் அறைகளுக்குள்ளும் எண்ணெய் தடவி, மெழுகுத்தாளில் சுற்றிக் கொடுங்கள். தோல் உறையைக் கொடுக்காதீர்கள், தேவையில்லை. ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். திரும்ப வாங்கும்போது வாசலைத் தாண்டுவதற்கு முன் எண்ணைச் சரிபாருங்கள். ஒருமுறை ஒருவருக்கு வேறொருவருடைய ரிவால்வர் கைக்கு வந்து, மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் வீட்டில் அது சரியாக வேலை செய்ததால்தான் சந்தேகமே வந்ததாம்.