லிங்க்ட்இன்னில் யாரையுமே தெரியாது, எங்கிருந்து தொடங்குவது?

தண்டையார்பேட்டை, டிப்ளமோ மெக்கானிக்கல், லிங்க்ட்இன் கணக்கு இருக்கிறது, ஆள்தான் தெரியாது என்கிறீர்கள். ஆள் இருக்கிறார்கள். உங்கள் பாலிடெக்னிக்கின் லிங்க்ட்இன் பக்கத்தில் 'அலும்னை' (முன்னாள் மாணவர்கள்) பகுதியைத் திறந்து பாருங்கள். மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் துறைமுகம், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று எங்காவது ஒரு சீனியர் கண்ணில் படலாம்.

அதற்கு முன், பெயருக்குக் கீழே உள்ள வரியைச் சரிசெய்யுங்கள். 220 கேரக்டர் வரை எழுதலாம். 'வேலை தேடுகிறேன்' என்று மட்டும் போட்டு வீணாக்காதீர்கள். 'டிப்ளமோ மெக்கானிக்கல், பம்ப் பராமரிப்பு, ஆட்டோகேட்' என்று போட்டால்தான் ஆள் எடுப்பவர் தேடும்போது அகப்படுவீர்கள்.

அப்புறம் 'கனெக்ட்' அழுத்தி சீனியருக்கு இணைப்பு அழைப்பு அனுப்புங்கள். கூடவே குறிப்பு வையுங்கள்: "வணக்கம் அண்ணா, நானும் நம்ம காலேஜ்தான். பம்ப் பராமரிப்பில் புதிதாகச் சேருபவருக்கு முதலில் என்ன வேலை தருவார்கள்?" எடுத்த எடுப்பில் ரெஸ்யூமேவை நீட்டினால் பெரும்பாலும் பதில் வராது. இலவசக் கணக்கில் குறிப்புக்கு மாத வரம்பு உண்டு, சீனியர்களுக்கே செலவழியுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவரா? உடனே பிளாக்.