அல்பத்தில் வெளுத்த முகம்

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற மாதம் என் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு செய்தோம். வயது 12. உப்புவெளிக் கடற்கரையில் எடுத்த படங்கள் அல்பமாகி வந்தபோது, அவளுடைய முகம் வெளுத்தும் இடை ஒடுங்கியும் இருந்தது. உறவினர்கள் மெச்சினார்கள். அவளோ அல்பத்தையும் கண்ணாடியையும் மாறிமாறிப் பார்க்கிறாள். குற்றம் கமராவினுடையதா, படம் எடுத்தவருடையதா, எங்களுடையதா?

ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

கமராவுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வெளிர்மணலும் வெயிலில் மின்னும் கடலும் பின்னால் இருக்கும்போது, தானாக ஒளியை அளக்கும் கமரா அந்தப் பெருவெளிச்சத்தையே கணக்கில் எடுத்துப் படம் முழுவதையும் மங்கலாக்கிவிடுவதால், நம் பிள்ளைகளின் முகம் உள்ளதைவிடக் கறுத்தே விழும். வெள்ளை அட்டையால் முகத்துக்கு ஒளியைத் திருப்பியோ, பிறகு கணினியில் வெளிச்சத்தைக் கூட்டியோ அதைச் சீர்செய்வது படப்பிடிப்பாளரின் தொழில். முகம் தன் சொந்த நிறத்துக்கு வந்து சேர்ந்த பின்பும் அவருடைய கை நிற்காமல் போவதுதான் பிழை. மகளின் முகத்தையும் மருதாணியிட்ட கைகளையும் ஒரே படத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைகளை வெளுக்க மறந்திருப்பார்கள்.

வெள்ளைத் தோலே சரி என்ற இந்த அளவுகோல் பழையது. 1950களிலிருந்து கொடாக் நிறுவனம் வண்ணப்படம் அச்சிடும் கூடங்களுக்கு ‘ஷேர்லி அட்டை’ எனப்பட்ட மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதிலிருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி என்பது கணக்கு. கறுத்த தோலின் நுணுக்கங்கள் அந்தப் பிலிமில் சரியாகப் பதியவில்லை. ஆனால் சொக்கலேட்டும் மரத் தளபாடமும் விளம்பரங்களில் சரியாக விழவில்லை என்று வியாபாரிகள் முறையிட்டதும் பிலிமைத் திருத்தக் காரணமாயிற்று என்று வாசித்தபோது, எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

இன்றைய டிஜிட்டல் கமராவுக்கு அந்தச் சாக்கு இல்லை. முற்பணம் கொடுக்கும்போதே “பிள்ளை நல்ல வெள்ளையாய் விழவேணும்” என்று சொல்லும் பெற்றோரை ஸ்டூடியோ வாசலில் நானே கண்டிருக்கிறேன். நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டீர்கள். ஆனால் உங்களுக்கு முன் வந்தவர்கள் சொன்னதை வைத்தே படப்பிடிப்பாளர் உங்கள் மகளையும் திருத்தியிருப்பார். அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நீங்கள் ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம் என்ற அளவில் உங்களுக்கும் அவருக்கும் பொறுப்பு உண்டு.

நிறத்தைவிட இடை விடயமே எனக்குப் பாரமாக இருக்கிறது. பிரான்ஸில், விளம்பரப் படத்தில் மாடலின் உடலை மெலிவாகவோ பருமனாகவோ மாற்றியிருந்தால் ‘திருத்தப்பட்ட புகைப்படம்’ என்று குறிப்பிடவேண்டும் என்ற விதி 2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அது விளம்பரத்துக்கு உரியது. வீட்டு அல்பத்தை எட்டாது. வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் உடலில் குறை கண்டு திருத்தி, அதையே பரிசுபோலப் பிள்ளையின் கையில் கொடுப்பதை எந்தச் சட்டம் வந்து தடுக்கும்?

படப்பிடிப்பாளரிடம் திருத்தாத படங்களைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் ஒன்றை மகளே தெரிந்தெடுக்கட்டும், அதையே பெரிதாக அச்சிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். மீண்டும் எடுக்க விரும்பினால், உப்புவெளி கிழக்குப் பார்த்த கரையல்லவா, விடிந்த கையோடு அவளைக் கடலைப் பார்க்க நிறுத்தி எடுங்கள். மெச்சும் உறவினரை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.